எட்டு லிங்கம்... எட்டுக் கேள்வி!

திருவண்ணாமலைன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? 2,668 அடி மலை, கார்த்திகை தீபம், 217 அடி ராஜகோபுரம், காவி வேட்டி கட்டின வெளிநாட்டுக்காரர்... எனக்கு இனிமே ஒரு பி.பி. மெஷின்தான் ஞாபகம் வரும். அதுவும் காத்து அடிக்கிற பல்பு கிழிஞ்சுபோன பி.பி. மெஷின்!

ஃபிளாஷ்பேக் சின்னதுதான். நான் இன்ஜினீயரிங் மூணாவது வருஷம். லீவுல இந்தப் பத்திரிகைக்குப் பயிற்சி நிருபர். 'பௌர்ணமி கிரிவலம் போய் ஏதாவது எழுதிக்கிட்டு வா'ன்னு அனுப்பினாங்க. கலசப்பாக்கம் பக்கம் சித்தி வீடு இருக்கிறதால, சாப்பாட்டுச் செலவு மிச்சம்னு கிளம்பிட்டேன். அங்கே போனா, சித்தி கையில ஒரு நோட்டீஸ். 'ஒரே வருடத்தில் நர்சிங்! 100% வேலைவாய்ப்பு! வெளிநாட்டு வாய்ப்பும் உண்டு!'

சித்தி பொண்ணு, எங்க எல்லாருக்கும் பாப்பா, இந்த வருஷம்தான் ப்ளஸ் டூ முடிச்சா. பயாலஜி குரூப். போன வருஷம் சித்தப்பா பனைமரத்துலேர்ந்து விழுந்து இடுப்பு ஒடிஞ்சு ரெண்டு மாசம் பெரியாஸ்பத்திரியில கிடந்தார். கூட இருந்து பார்த்துக்கிட்டது பாப்பாதான். ராத்திரி ரெண்டு மணிக்கு ட்ரிப்ஸ் மாத்த வர்ற சிஸ்டரைப் பார்த்துப் பார்த்து, 'நானும் நர்ஸ் ஆவேன்'னு முடிவு பண்ணிட்டா. சித்தப்பாவால இப்போ மல்லாட்டை பிடுங்கக் குனிய முடியாது. சித்தி சொன்னது இதுதான்: "நாலு வருஷம் யாரு கண்ணு சோறு போடறது? ஒரு வருஷம்னா பல்லைக் கடிச்சிக்கலாம்."

நியாயம்தானே? ஒரு கம்மலை அடகு வெச்சு 10,000 ரூபாய் முந்தானையில முடிஞ்சிருந்தாங்க. பௌர்ணமி நல்ல நாள், அட்வான்ஸ் கட்டிட்டு அப்படியே மலை சுத்திட்டு வரலாம்னு பிளான்.

மாடிப்படி காலேஜ்!

திருவண்ணாமலை ஊருக்குள்ள ஒரு மாடி. கீழே கடை, மேலே 'இன்ஸ்டிட்யூட்'. பேர் வேணாம். ஏன்னா, இதே மாதிரி மாடி உங்க ஊர்லயும் இருக்கும். நுழைஞ்சதும் சுவர் நிறைய ஃப்ரேம் போட்ட சர்ட்டிஃபிகேட். "எல்லாம் கவர்ன்மென்ட் ரெஜிஸ்டர்டும்மா"ன்னார் அங்கிருந்த சார். கிட்டப் போய்ப் படிச்சேன். ஒண்ணு டிரஸ்ட் பதிவு செஞ்ச பத்திரம். இன்னொண்ணு ஐ.எஸ்.ஓ. மூணாவது சிறுதொழில் பதிவு. டிரஸ்டை யார் வேணும்னாலும் பதிவு பண்ணலாம். மாவு மில்லுக்குக்கூட சிறுதொழில் பதிவு கிடைக்கும். நர்சிங் சொல்லித்தரலாம்னு சொல்ற காகிதம் மட்டும் அந்தச் சுவத்துல இல்லை.

லேப்னு ஒரு ரூம். கை கழண்ட பொம்மை ஒண்ணு, எலும்புக்கூடு படம் ஒண்ணு, வெள்ளைக் கோட்டுல முப்பது பொண்ணுங்க, ஒரே ஒரு பி.பி. மெஷின். பாப்பா அதைத் தொட்டுப் பார்த்தா. பல்பை அமுக்கினா 'புஸ்'னு காத்து போகுது. அவ என்னைப் பார்த்தா, நான் அவளைப் பார்த்தேன். "இன்னிக்கே ஒரிஜினல் மார்க்‌ஷீட்டைக் கொடுத்துட்டா சீட் கன்ஃபர்ம்"னார் சார். "சாயங்காலம் வர்றோம் சார்"னு சித்தியைக் கையோட இழுத்துக்கிட்டு இறங்கினேன். சித்திக்கு என் மேல செம கோபம்!

நல்லவேளை, கிரிவலத்துக்குத் துணைக்கு வர்றதா சொல்லியிருந்தாங்க சித்தியோட பழைய தோழி ஒருத்தங்க. வேலூர்ல படிச்சு, அரசு ஆஸ்பத்திரியில முப்பது வருஷத்துக்கு மேல ஸ்டாஃப் நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவங்க. ஊரே அவங்களை 'சிஸ்டரம்மா'ன்னுதான் கூப்பிடும். நோட்டீஸை வாங்கிப் படிச்சிட்டுச் சிரிச்சாங்க. "14 கிலோமீட்டர் நடக்கப் போறோம் இல்ல? எட்டு லிங்கம் வரும். ஒவ்வொண்ணுலயும் ஒரு கேள்வி சொல்றேன். எட்டுக்கும் பதில் இருந்தா, நானே வந்து ஃபீஸ் கட்றேன்."

செருப்பைக் கழட்டிட்டுக் கிளம்பினோம். நீங்களும் வாங்க!

1. இந்திர லிங்கம்: என் பேர் எந்தப் புத்தகத்துல ஏறும்?

ராஜகோபுரத்துக்குப் பக்கத்துலயே முதல் லிங்கம், முதல் கேள்வி. "படிச்சு முடிச்சா எந்தக் கவுன்சில்ல பதிவு ஆகும்னு கேளு. மத்த ஏழும் அப்புறம்"னாங்க சிஸ்டரம்மா.

தமிழ்நாட்டுல நர்ஸுன்னா, தமிழ்நாடு நர்ஸுகள் மற்றும் தாதியர் கவுன்சில்ல பேர் பதிவாகியிருக்கணும். 1926-ல வந்த சட்டம் அது. பதிவு ஆனாத்தான் ரெஜிஸ்டர் நம்பர் கிடைக்கும். அரசு வேலைக்கு ஆள் எடுக்கிற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் கேட்கிறதும் இந்தப் பதிவைத்தான். அதுக்கு வழி மூணே மூணு: ரெண்டு வருஷ ஏ.என்.எம்., மூணு வருஷ ஜி.என்.எம்., நாலு வருஷ பி.எஸ்ஸி. நர்சிங். இந்த லிஸ்ட்டுல 'ஒரு வருஷம்' எங்கே இருக்கு? இல்லவே இல்லை!

2. அக்னி லிங்கம்: அங்கீகாரம் எந்த வருஷத்துக்கு, எத்தனை சீட்டுக்கு?

செங்கம் ரோட்டுல திரும்பி நடக்கிறோம். கூட்டம்னா கூட்டம், நாம நடக்கவே வேணாம், அதுவே தள்ளிக்கிட்டுப் போகுது. "அங்கீகாரம் இருக்குன்னு சொன்னா விட்றாத, லெட்டரைக் காட்டச் சொல்லு"ன்னாங்க. அதுல காலேஜ் பேரும் விலாசமும் நீங்க நிக்கிற இடத்தோடதானா, இந்த வருஷத்துக்கு உரியதா, எத்தனை சீட்டு... மூணையும் பாருங்க. 40 சீட்டுக்கு அனுமதி வாங்கிட்டு 70 பேரைச் சேர்த்தா, மிச்ச 30 பேர் கதி? இந்திய நர்சிங் கவுன்சில், தமிழ்நாடு கவுன்சில், பி.எஸ்ஸி.க்குன்னா டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்... மூணு இடத்துலயும் பட்டியல் இருக்கும். இந்திய நர்சிங் கவுன்சிலுக்குப் பதிலா தேசிய ஆணையம் அமைக்க 2023-ல சட்டம் வந்தாச்சு. ஆபீஸ் பேர் மாறினாலும் நம்ம கேள்வி மாறாது.

3. எம லிங்கம்: ஆஸ்பத்திரி எங்கே?

ரமணாஸ்ரமம் வாசல்ல மயில் அகவுற சத்தம். கொஞ்ச தூரம் தாண்டினா எம லிங்கம். இங்கே சிஸ்டரம்மா குரலே மாறிடுச்சு. "எமன்கிட்டேயிருந்து ஆளைப் பிடுங்கிட்டு வர்ற வேலை இது. இதைக் கரும்பலகையில எழுதிப் போட்டுக் கத்துத்தர முடியுமா?"

ஜி.என்.எம்., பி.எஸ்ஸி. ஆரம்பிக்கணும்னா 100 படுக்கை உள்ள சொந்த ஆஸ்பத்திரி வேணும்னு நர்சிங் கவுன்சில் விதி சொல்லுது. ஒரு மாணவிக்கு மூணு நோயாளின்னு கணக்கு. போர்டுல '100 படுக்கை'ன்னு எழுதியிருக்கும். நீங்க போய் எண்ணிப் பாருங்க. கட்டில்ல ஆள் இருக்காங்களா? கசங்காத பெட்ஷீட்டா, நேத்து விரிச்ச புது பெட்ஷீட்டா?

'இதெல்லாம் இன்ஸ்பெக்‌ஷன்ல பார்த்திருக்க மாட்டாங்களா?'ன்னு நானும் கேட்டேன். மத்தியப் பிரதேசக் கதை தெரியுமா உங்களுக்கு? அங்கே ஹைகோர்ட் உத்தரவுல நர்சிங் காலேஜ்களை சி.பி.ஐ. சோதிச்சது. முந்நூத்துச் சொச்சம் காலேஜ்ல 169-தான் சரியா இருக்குன்னு 2024-ல ரிப்போர்ட். அதோட முடியலை. அதே வருஷம் மே மாசம், 'நல்லா இருக்கு'ன்னு எழுதித்தர லஞ்சம் வாங்கினதா சொல்லி, சோதிக்கப்போன சி.பி.ஐ. ஆட்களையே சி.பி.ஐ. கைது பண்ணுச்சு! அந்த 169-ஐயும் மறுபடி சோதிக்கச் சொன்னது கோர்ட். அதனால காகிதத்தையும் பாருங்க, கட்டிலையும் பாருங்க. ஒண்ணு இருந்தா இன்னொண்ணு வேணாம்னு விட்றாதீங்க.

4. நிருதி லிங்கம்: யார் சொல்லித்தராங்க?

செங்கம் ரோட்டை விட்டுப் பாதை உள்ளே திரும்புது. வண்டிச் சத்தம் குறைஞ்சு, 'அண்ணாமலைக்கு அரோகரா' மட்டும் கேட்குது. நிலா ஏறிடுச்சு. பத்து மாணவிக்கு ஒரு ஆசிரியர் இருக்கணும். லிஸ்ட்டுல இருபது பேர் இருப்பாங்க, கிளாஸ்ல இருக்கணுமே! "ஒரு மாணவியைத் தனியா பிடிச்சு, 'உங்க கிளாஸ் டீச்சர் யாரு, ஊசி போட யார் கத்துக்கொடுத்தாங்க'ன்னு கேளு. டக்குனு பேர் வந்தா நல்ல காலேஜ். யோசிச்சா, நீயும் யோசி."

இங்கே நான் ஒரு உண்மையை ஒத்துக்கிட்டேன். என் காலேஜ்ல நான் சேர்ந்ததே புரோஷர்ல இருந்த ஸ்விம்மிங் பூல் போட்டோவைப் பார்த்துத்தான். லேப்ல ஒரே ஆசிலோஸ்கோப், சுத்தி பன்னெண்டு பேர். மூணு வருஷத்துல அதோட நாப்பை நான் ரெண்டு தடவைதான் திருப்பியிருக்கேன். நான் தப்பா கத்துக்கிட்டா ஒரு சர்க்யூட் புகையும். பாப்பா தப்பா கத்துக்கிட்டா?

5. வருண லிங்கம்: பைப்பைத் திறந்தியா?

பாதி மலை தாண்டியாச்சு. கால்ல குறுங்கல் குத்துது. சுக்குக் காபி குடிச்சிக்கிட்டே அஞ்சாவது கேள்வி. "வாசல்ல இருக்கிற சரஸ்வதி சிலையை எல்லாரும் பார்ப்பாங்க. நீ ஹாஸ்டல் பாத்ரூம் பைப்பைத் திற. தண்ணி வருதா, தாழ்ப்பாள் இருக்கா, நைட் டூட்டி முடிச்சுத் திரும்ப வண்டி இருக்கா, வார்டன் யாரு?" மூணு நாலு வருஷம் வாழப்போற இடமாச்சே! சிரிக்காதீங்க, என்னோட ஹாஸ்டல்ல பைப்பை முதல்லயே திறந்திருந்தா, நான் மூணு வருஷமா பக்கெட் தூக்கியிருக்க மாட்டேன்.

6. வாயு லிங்கம்: காத்துல வந்த வாக்குறுதியா?

அடி அண்ணாமலை கோயில் தாண்டி வாயு லிங்கம். '100% வேலை, வெளிநாடு' எல்லாம் இந்த லிங்கத்துக்குத்தான் சமர்ப்பணம்! வளைகுடா நாட்டுக்குப் போகணும்னா, உங்க சர்ட்டிஃபிகேட் நிஜமான்னு படிச்ச இடத்துலயும் கவுன்சில்லயும் நேரடியா விசாரிப்பாங்க. டேட்டாஃப்ளோன்னு அதுக்கு ஒரு முறையே இருக்கு. பதிவே இல்லாத மாடிப்படி காலேஜ் அங்கேயே அவுட்.

'ஆனா அமெரிக்காவுல ஒரு வருஷ நர்சிங் இருக்காமே?'ன்னு பாப்பா கேட்டா. நல்ல கேள்வி! இருக்கு. 11 மாசத்துலேர்ந்து 18 மாசத்துல முடியற வேகமான பி.எஸ்ஸி. நர்சிங். ஆனா அது ஏற்கெனவே வேற ஒரு டிகிரி முடிச்சவங்களுக்கு. முடிச்சதும் என்கிளெக்ஸ்னு லைசென்ஸ் பரீட்சை. எந்தக் காலேஜ்ல எத்தனை சதவிகிதம் பாஸ்னு மாகாண நர்சிங் போர்டுகள் பட்டியலே போடும். சேரப் போறவங்க முதல்ல பார்க்கிறது அதைத்தான். அவ்வளவு கட்டுப்பாடு இருந்தும் ஃப்ளோரிடாவுல என்ன நடந்துச்சு? 7,600-க்கும் மேல போலி நர்சிங் சர்ட்டிஃபிகேட் வித்திருக்காங்க. 2023 ஜனவரியில 25 பேர் மேல வழக்கு. அந்த ஆபரேஷனுக்கு வெச்ச பேரு 'நைட்டிங்கேல்'! குறுக்கு வழி திருவண்ணாமலைக்கு மட்டும் சொந்தமில்லை மக்களே.

"அப்போ என்ன பண்றது?"ன்னாங்க சித்தி. "போன வருஷம் முடிச்ச மூணு பொண்ணுங்க நம்பரைக் கேளு. காலேஜ் கொடுக்கிற மூணு இல்ல, நீயா தேடிப் பிடிச்ச மூணு. எங்கே வேலை, எவ்ளோ சம்பளம், யாருக்கு என்ன வேலைன்னு சேர்த்தாங்கன்னு கேளு."

7. குபேர லிங்கம்: மொத்தம் எவ்ளோ, ரசீது எங்கே?

குபேர லிங்கத்துல காசு போட செம வரிசை. சித்தி கை தானா முந்தானை முடிச்சைத் தொட்டுக்கிச்சு. முதல் வருஷ ஃபீஸை மட்டும் சொல்லி ஏமாத்துவாங்க. படிப்பு முடியற வரைக்கும் டியூஷன், ஹாஸ்டல், யூனிஃபார்ம், பரீட்சை, ஆஸ்பத்திரிப் பயிற்சி எல்லாம் சேர்த்து எவ்ளோன்னு எழுதி வாங்குங்க. ரசீது இல்லாம ஒரு ரூபாய்கூட நகரக் கூடாது. ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டைச் சரிபார்த்துட்டுத் திருப்பித் தரணும், பிடிச்சு வெச்சுக்கக் கூடாதுன்னு யூ.ஜி.சி. 2018-லயே உத்தரவு போட்டிருக்கு. 'மார்க்‌ஷீட்டைக் கொடுத்தாத்தான் சீட்'னா, சீட்டைவிட மார்க்‌ஷீட் பெருசுன்னு எழுந்து வந்துடுங்க.

இன்னொரு விஷயம். அரசு நர்சிங் காலேஜ் சீட்டு ப்ளஸ் டூ மார்க்கை வெச்சு, மருத்துவக் கல்வி இயக்ககத்தோட தேர்வுக் குழு நடத்துற கலந்தாய்வுல கிடைக்கும். தனியார் காலேஜ்கள்லயும் அரசு ஒதுக்கீடு உண்டு. பாப்பா அதுக்கு இன்னும் அப்ளிகேஷனே போடலை! ஏன்? நோட்டீஸ் கொடுத்தவர் அதைப் பத்தி மூச்சே விடலையே!

இடையில ஒரு இடுக்கு!

குபேர லிங்கம் தாண்டினா இடுக்குப் பிள்ளையார். மூணு சின்ன வாசல், ஒருக்களிச்சுப் படுத்து நெளிஞ்சு வெளியே வரணும். பாப்பா சர்னு வந்துட்டா. நான் நடுவுல மாட்டிக்கிட்டு, பின்னாடி வந்தவங்க தள்ளிவிட்டு வெளியே விழுந்தேன். "குறுக்கு வழின்னா இப்படித்தான், உள்ளே போறது சுலபம்"னாங்க சிஸ்டரம்மா. பல்பு வாங்கினேன்!

ஆனா அடுத்து அவங்க சொன்னது முக்கியம். குறுகிய படிப்பே தப்புன்னு அவங்க சொல்லலை. சென்னை பொது மருத்துவமனையில 1871-ல முதல் நர்சிங் பள்ளி ஆரம்பிச்சபோது, அது வெறும் ஆறு மாச தாதிப் பயிற்சி. படிச்சவங்க நாலே பேர்! மருந்து, மெஷின், ஆபரேஷன் எல்லாம் பெருகப் பெருகத்தான் வருஷமும் கூடுச்சு. இன்னிக்கும் 'ஜெனரல் டியூட்டி அசிஸ்டன்ட்'னு சில மாசத் திறன் பயிற்சி இருக்கு. நோயாளியைக் குளிப்பாட்ட, படுக்கை மாத்த, நடக்க வைக்க... கௌரவமான வேலைதான். "அதை அதோட பேர்லயே சொல்லிச் சேர்த்தா நான் கையெடுத்துக் கும்பிடுவேன். 'உதவியாளர்'னு சொல்லாம 'நர்ஸு'ன்னு சொல்றான் பாரு, அதான் திருட்டு. பத்து வருஷம் கழிச்சும் இவ அதே சம்பளத்துல நிப்பா. ஏணி இருக்காது. ஜி.என்.எம். மூணு வருஷம்னா, மேல ரெண்டு வருஷம் படிச்சு டிகிரியும் வாங்கிக்கலாம். ஏணி இருக்கிற இடத்துல ஏறணும் கண்ணு."

8. ஈசான்ய லிங்கம்: சேர்ந்தவங்க எத்தனை, முடிச்சவங்க எத்தனை?

கடைசி லிங்கம். மணி பத்தரை. பாதம் ரெண்டும் பழுத்துப் போச்சு. "60 பேர் சேர்ந்து 35 பேர்தான் பரீட்சை முடிச்சாங்கன்னா, மிச்சப் பேர் எங்கே போனாங்கன்னு கேளு. பதில் சொல்றவன் காலேஜ் நடத்துறான். கோபப்படறவன் கடை நடத்துறான்." எட்டு முடிஞ்சது. மாடிப்படி காலேஜுக்கு எட்டுக்கு எத்தனை மார்க்? நீங்களே போட்டுக்கோங்க.

சித்தி ரொம்ப நேரம் பேசலை. ரோட்டோரம் உட்கார்ந்து காலை அமுக்கிக்கிட்டே, "கேட்கறது சுலபம் சிஸ்டரம்மா. ஒரு வருஷம் மூணாகுதே, அதுக்கு யார் பதில் சொல்றது?"ன்னாங்க. எட்டுக் கேள்வி கேட்ட எங்க யார்கிட்டயும் அந்த ஒன்பதாவது கேள்விக்கு முழுசா பதில் இல்லை. அரசுப் பள்ளியில ஆறாவதுலேர்ந்து படிச்சு உயர்கல்வி போற பொண்ணுங்களுக்கு மாசம் 1,000 ரூபாய்னு 2022-ல கொண்டு வந்த புதுமைப் பெண் திட்டம், கல்விக்கடன்னு சிஸ்டரம்மா அடுக்கினாங்க. சித்தி தலையாட்டினாங்க. முழுசா சமாதானம் ஆகலை. ஆனா முந்தானை முடிச்சை அவிழ்க்கவும் இல்லை.

தூரத்துல வடக்கு கோபுரம், அம்மணி அம்மன் கோபுரம் தெரிஞ்சுது. பாதியில நின்னு போன அந்தக் கோபுரத்தை, வீடு வீடாப் போய்க் கேட்டுக் கேட்டுக் காசு சேர்த்து முடிச்சவங்க ஒரு பெண் சித்தர்னு ஊர்ல சொல்றாங்க. கேட்கிறதுக்கு வெட்கப்பட்டிருந்தா அது இன்னும் மொட்டையாத்தான் நின்னிருக்கும்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது பாப்பா மெதுவா கேட்டா. "சிஸ்டரம்மா, உங்க ரெஜிஸ்டர் நம்பர் ஞாபகம் இருக்கா?"

ரிட்டயர் ஆகி வருஷக்கணக்காச்சு. வழியில மூணு தடவை தன்னோட மூக்குக் கண்ணாடியைத் தேடினவங்க. ஒரு செகண்ட் யோசிக்கலை. கடகடன்னு நம்பரைச் சொன்னாங்க. சொல்லிட்டு அவங்களுக்கே சிரிப்பு.

மறுநாள் காலையில கலசப்பாக்கத்துல, கலந்தாய்வு அப்ளிகேஷனை நானும் பாப்பாவும் உட்கார்ந்து நிரப்பினோம். சீட் கிடைக்குமா, தெரியாது. கம்மல் இன்னும் அடகுலதான். ஆனா அந்த 10,000 ரூபாயும் ஒரிஜினல் மார்க்‌ஷீட்டும் சித்தியோட டிரங்குப் பெட்டியில பத்திரமா இருக்கு.

உங்க வீட்டுலயும் ஒரு பாப்பா, ஒரு நோட்டீஸ் இருந்தா, அடுத்த பௌர்ணமி வரைக்கும் காத்திருக்காதீங்க. எட்டுக் கேள்வியையும் ஒரு பேப்பர்ல எழுதிக்கிட்டு அந்த மாடிப்படி ஏறுங்க. மறக்காம அந்த பி.பி. மெஷின் பல்பையும் ஒரு தடவை அமுக்கிப் பாருங்க!